ஏழாம் விடயம்

பிறர் பேசுவதை எழுத்தில் நிறுத்துவதற்காகவே சம்பளம் வாங்கும் மனிதர்கள் ஒரு மண்டபத்தில் கூடியிருந்து, தங்களுள் ஒருவர் பேசியதை எழுத்திலிருந்து எடுத்துவிடுவதென்று கையுயர்த்தித் தீர்மானித்ததை நான் பார்த்திருக்கிறேன். உயர்ந்த கைகளுள் என்னுடையதும் ஒன்று. பல நாடுகளின் பாராளுமன்ற அறிக்கையாளர்களும், சபையில் பேசப்படுவதன் அச்சு அறிக்கையான ஹன்சாட்டின் பதிப்பாசிரியர்களும் சேர்ந்த ஒரு தொழில்சார் சங்கத்தின் பொதுக்கூட்டம் அது. அப்போது நான் அதன் செயற்குழுவில் இருந்தேன். தீர்மானம் சரியென்றே அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சரியென்று நானே ஒப்புக்கொள்ளும் ஒரு தீர்மானம் இத்தனை காலமாக ஏன் மனதை உறுத்துகிறது என்று யோசித்தால், அந்த ஒரு வாக்கெடுப்போடு நின்றுவிட முடியவில்லை. யார் உறுப்பினர், யாருடைய பணம், யாருக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு என்னும் விதித்தொகுப்பு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கிறது. சங்கத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், இதில் வரும் பெண்மணி யாரென்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும்.

இந்த வகை அமைப்புகள் வெளியே அவ்வளவாகத் தெரியாதவை. பொதுநலவாய நாடுகளின் ஹன்சாட் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பிரித்தானிய, அயர்லாந்துச் சட்டசபைகளின் அறிக்கையாளர்களுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று, அவுஸ்திரேலிய பசுபிக் பிராந்தியத்துக்கு ஒன்று என்று கிளை விரிந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1887-இல் இலண்டனில் கூடிய சர்வதேச சுருக்கெழுத்து மாநாட்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் இன்டர்ஸ்டெனோ. அதற்குள் பாராளுமன்ற அறிக்கையாளர்களுக்கென்று தனிப் பிரிவொன்று இயங்குகிறது. இவற்றுள் எதுவும் தொழிற்சங்கம் அல்ல. எவருடைய சம்பளத்துக்காகவும் இவை பேரம் பேசுவதில்லை, வேலைநிறுத்தம் என்ற சொல் இவற்றின் யாப்புகளில் இடம்பெறாது. சில ஆண்டுகளுக்கொருமுறை மாநாடு கூடி, நடைக் கையேடுகளைப் பரிமாறி, ஒலிப்பதிவுக் கருவிகளைப் பற்றிப் பேசி, குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைவதே வழக்கம். இதற்கெதற்கு ஆட்சி, யாப்பு, வாக்கெடுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் செயற்குழுவுக்குப் போகும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மேலே செல்ல முடியும். இலங்கையில், தியவன்னா ஏரிக்கு நடுவே, 1982 முதல் இயங்கிவரும் எங்கள் பாராளுமன்றக் கட்டடத்தில், ஓர் உறுப்பினர் தமிழில் பேச்சைத் தொடங்குவார். ஒதுக்கீட்டுத் தொகை வரும் இடத்தில் ஆங்கில அறிக்கையொன்றை எடுத்து இரண்டு வரி வாசிப்பார். எதிர்வரிசையிலிருந்து யாரோ குறுக்கிட்டதும் சிங்களத்தில் ஒரு பதில் பறக்கும். பின்னர் எதுவும் நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து தமிழைத் தொடர்வார். ஹன்சாட்டில் இந்த மூன்றும் பேசப்பட்ட மொழியிலேயே, அதனதன் எழுத்திலேயே, ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும். தன் முறைக்கு வந்த அறிக்கையாளர் சில நிமிடங்கள் எழுதிவிட்டு எழுந்து போகும்போது, அடுத்தவர் அவருடைய கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தாள்களுக்கும் இடையில் ஒரு வாக்கியம் விழுந்து காணாமற் போய்விடும். அப்படி விழுந்ததைத் தேடி எடுப்பது பதிப்பாசிரியரின் வேலை.

எல்லாவற்றையும் அப்படியே எழுதுவதும் இல்லை. 1907-இல் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது பிரித்தானியப் பாராளுமன்றத்தின், தெரிவுக்குழுவொன்று வகுத்துத் தந்த வரையறையைத்தான் பொதுநலவாய நாடுகளின் ஹன்சாட் அலுவலகங்கள் பெரும்பாலும் இன்னமும் பின்பற்றுகின்றன: கண்டிப்பான சொல்லுக்குச் சொல் அறிக்கையாக இராவிட்டாலும் சாராம்சத்தில் அதுவாகவே இருத்தல், கூறியது கூறலையும் தேவையற்ற சொற்களையும் விடுதல், வெளிப்படையான தவறுகளைத் திருத்துதல், ஆனால் பேச்சின் பொருளுக்குச் சேர்ப்பதையோ வாதத்தை விளக்குவதையோ ஒருபோதும் விடாதிருத்தல். இதற்கு இரண்டாண்டு கழித்து, 1909-இல், பிரித்தானிய மக்களவை தன் அறிக்கையைத் தனியாரிடமிருந்து மீட்டுச் சொந்த ஊழியர்களைக் கொண்டு எழுதத் தொடங்கியது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடமிருந்து சபைக்கு வந்த அந்த வேலை, பல இடங்களில் இப்போது சபையிலிருந்து தனியாரிடம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தத் தொழிலில் ஊறியவர்கள் சேர்ந்து நடத்தும் பொதுக்கூட்டம் எப்படியிருக்கும் என்பதை வெளியார் ஊகிக்க முடியாது. ஒழுங்குப் பிரச்சினை எப்போது எழுப்பலாம், திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவரலாமா, தவிசாளருக்கு அறுதி வாக்கு உண்டா என்பவையெல்லாம் அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனால் பேசுவதற்கு ஆள் கிடைக்காது. வாழ்நாளெல்லாம் மேடைக்கு ஓரத்திலிருந்து பிறர் வாயைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் கருத்தைச் சபையில் சொல்வது கூச்சம் தரும் காரியம். சந்தா உயர்வு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் நிறைவேறிய அதே காலையில், யாப்பின் ஒரு பிரிவில் அரைப்புள்ளி வருமா முழுப்புள்ளி வருமா என்ற விவாதம் தேநீர் இடைவேளையையும் தாண்டி நடந்ததை நான் கண்டிருக்கிறேன். அரைப்புள்ளிக் கட்சியே வென்றது.

யார் உறுப்பினர்?

எங்கள் சங்கத்தில் உறுப்பினர் என்பவர் மனிதர் அல்லர், அலுவலகம். ஒரு சட்டசபையின் ஹன்சாட் பிரிவு சந்தா செலுத்தும். அந்தப் பிரிவின் தலைவரோ அவர் அனுப்புபவரோ கூட்டத்தில் அமர்வார், அந்தக் கதிரைக்கு ஒரு வாக்கு. பதவி போனால் கதிரையும் போய்விடும். முப்பது, நாற்பது ஆண்டு அனுபவத்தோடு ஓய்வுபெறும் ஒருவருக்குப் பாராட்டுத் தீர்மானம் ஒன்று நிறைவேறும், அதற்கு மறுநாள் அவர் அந்நியர். இதை எழுதியவர்களின் நோக்கத்தில் குற்றம் காண மாட்டேன். அலுவலகம் உறுப்பினராக இருந்தால் பயணச்செலவைச் சட்டசபையே ஏற்கும், சந்தா தவறாமல் வரும், வருகிறவர் தம் சபையின் சார்பில் பேசுகிறார் என்ற கனமும் இருக்கும். அந்தக் கடைசி வசதிதான் பின்னால் வினையானது.

வாக்கைக் கணக்கிடுவதிலும் இலேசில் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சட்டசபைக்கும் ஒரு வாக்கு என்றால் கூட்டாட்சி நாடுகள் மண்டபத்தை நிறைத்துவிடும். கனடாவில் மத்திய அவைகளுக்கு மேலாகப் 10 மாகாணங்களும் 3 ஆள்புலங்களும், அவுஸ்திரேலியாவில் 6 மாநிலங்களும் 2 பெரிய ஆள்புலங்களும் தத்தம் சட்டசபைகளோடு இருக்கின்றன. இந்தியாவின் 28 மாநிலங்களும் ஒருநாள் சேர்ந்து வந்தால் மற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர வேண்டியதுதான். நாட்டுக்கு ஒரு வாக்கு என்றாலோ, 19 உறுப்பினர்கள் கொண்ட நவுரு பாராளுமன்றமும் 16 பேர் கொண்ட துவாலுவும், 403 பேர் அமரும் உத்தரப் பிரதேசச் சட்டப்பேரவையை உள்ளடக்கிய இந்தியாவும் ஒரே எடை. ஒரே கட்டடத்தில் இயங்கும் பிரித்தானிய மக்களவைக்கும் பிரபுக்கள் சபைக்கும் தனித்தனி ஹன்சாட் பிரிவுகள் இருப்பதால் அங்கே ஒரு வாக்கா இரண்டா என்ற கேள்வியும் எழும். எங்களுக்கு எந்த முறையிலும் ஒன்றுதான், எங்கள் மாகாண சபைகளை இந்தக் கணக்கில் எவரும் சேர்த்ததில்லை. அதனால் இந்த விவாதங்களில் நடுநிலையாளன் என்ற பட்டம் எனக்குச் செலவில்லாமல் கிடைத்தது.

உறுப்பினர்களாக இருக்கும் அரசியல்வாதிகள் தங்கள் பொதுநலவாயப் பாராளுமன்றச் சங்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உலகை ஒன்பது பிராந்தியங்களாகப் பிரித்து, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகியவற்றைத் தனித்தனிப் பிராந்தியங்களாக்கி, மக்கள்தொகை ஐந்து இலட்சத்துக்குக் குறைந்த ஆட்சிப்பரப்புகளின் சட்டசபைகளைச் சிறு கிளைகள் என்று வகுத்து அவற்றுக்கென்று தனி அமைப்பும் வைத்திருக்கிறார்கள். 1911-இல் பிறந்த அந்தச் சங்கம், பிரித்தானியச் சட்டப்படி ஒரு தர்ம ஸ்தாபனமாகப் பதிவாகியிருந்த நிலையை மாற்றித் தருமாறு பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்து, தலைமையகத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லுமளவுக்குப் போய், கடைசியில் 2025-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமொன்றின் மூலமே சர்வதேச அமைப்புக்குரிய தகுதியைப் பெற வழி பிறந்தது. அமைச்சர்களும் சபாநாயகர்களும் நிறைந்த ஓர் அமைப்புக்கே தான் சட்டப்படி யார் என்று நிறுவ அவ்வளவு காலம் எடுத்ததென்றால், சுருக்கெழுத்தாளர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சங்கத்துக்கு அலுவலகமும் இல்லை, ஊழியரும் இல்லை. பொருளாளர் எந்த நாட்டவரோ அந்த நாட்டு வங்கியில் கணக்கு. பொருளாளர் மாறினால் புதியவரின் கடவுச்சீட்டுப் பிரதி, மின்கட்டணப் பற்றுச்சீட்டு, யாப்பின் சான்றுப்படுத்திய பிரதி, கூட்டறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதி என்று வங்கி கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தச் சங்கம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுத எங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் சந்தாப் பணம் பழைய பொருளாளரின் நாட்டிலேயே தங்கிவிடும். பணமில்லாத சங்கத்தை உண்மையில் ஆள்பவர் அடுத்த மாநாட்டை நடத்த ஒப்புக்கொள்பவர்தான். கோயில் திருவிழாவில் அன்றைய உபயகாரர் சொன்னபடி அன்றைக்கு மேளம் முழங்குவதுபோல, மண்டபமும் விருந்தும் தரும் பாராளுமன்றமே நிகழ்ச்சிநிரலையும் தீர்மானிக்கும். மாநாட்டைத் தாங்கும் வசதி பெரிய சட்டசபைகளுக்கே இருப்பதால் தவிசாளர் பதவியும் அவற்றுக்குள்ளேயே சுற்றிவந்தது. மூன்று பேர் மட்டும் பணியாற்றும் ஒரு தீவின் ஹன்சாட் பிரிவு எப்படி மாநாடு நடத்தும்?

கூட்டறிக்கை

நிகழ்ச்சிநிரலின் ஏழாம் விடயம், தொழில்நுட்ப மாற்றங்கள் பற்றிய உறுப்பினர் அறிக்கைகள் என்றிருந்தது. வழக்கமாக ஒவ்வொருவரும் தத்தம் சட்டசபை வாங்கிய புதிய மென்பொருளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தைகள் சொல்லி அமரும் நேரம் அது. ஜப்பானின் கீழவை 2011 முதலே தானியங்கிப் பேச்சறிதலைக் கொண்டு முதல் வரைவைத் தயாரித்து, ஆட்கள் அதைச் செம்மைப்படுத்தும் முறையைக் கைக்கொண்டுவிட்டதால், இயந்திரம் வந்துவிட்டதே என்று அதிர்ச்சியடைபவர் இந்த வட்டாரத்தில் எவரும் இல்லை. எல்லாரும் புன்னகையோடு பேசினார்கள்.

ஒரு சிறிய சட்டசபையின் பதிப்பாசிரியரான பெண்மணி ஒருவர் எழுந்தார். தம்முடைய சட்டசபை எழுத்தாக்கப் பணியை வெளி நிறுவனமொன்றுக்குக் கொடுத்துவிட்டதாகவும், அந்த நிறுவனம் இயந்திரம் தரும் வரைவை அவசரமாகத் தட்டிக்கொட்டி அனுப்புவதாகவும், அதைச் சரிபார்க்கத் தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாகவும் சொன்னார். குழுக்கூட்டமொன்றில் சாட்சியமளித்த ஒருவர் தாம் உடன்படவில்லை என்று கூறியது, உடன்படுகிறேன் என்று வெளியாகிவிட்டது. பிழைதிருத்தம் வெளியிட வேண்டுமென்று இந்தப் பதிப்பாசிரியர் கேட்டார், எவரும் கவனிக்காத ஒன்றை ஏன் கிளறுகிறீர்கள் என்று பதில் வந்தது. இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல், எங்கள் தொழிலுக்கேயுரிய முறையில், அடைமொழி ஒன்றுமின்றிச் சொன்னார். மண்டபம் அமைதியாயிற்று. தவிசாளர் நன்றி கூறினார். தேநீருக்குக் கலைந்தோம்.

அன்றிரவு உதவிச் செயலாளர் கூட்டறிக்கையை எழுதினார். அவரும் பழைய அறிக்கையாளர், கை சும்மா இருக்கவில்லை. வழக்கமாக இரண்டு பக்கத்தில் அடங்கும் கூட்டறிக்கை அந்த முறை நீண்டது, ஏழாம் விடயத்தின்கீழ் அந்தப் பெண்மணியின் பேச்சு பெயரோடும் சட்டசபையின் பெயரோடும் முழுப் பந்தியாக நின்றது. மறுநாள் காலை உறுதிப்படுத்தலுக்காகத் தாள்கள் விநியோகிக்கப்பட்டன. கூட்டம் தொடங்குமுன் அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். பந்தியின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். “இதில் ஒரு சொல்லும் பிழையில்லை, ஐயா. அதுதான் பிரச்சினை. என் பயணச்சீட்டை அங்கீகரித்தவர் இதை வாசிப்பார்” என்றார். அலுவலகமே உறுப்பினர் என்பதால் கூட்டறிக்கை அலுவலகத்துக்குத்தான் போகும். அலுவலகம் என்றால் அவருக்கு மேலே இருப்பவர்கள்.

பந்தியை நீக்கும் பிரேரணையை நான் வழிமொழிந்தேன். எதிர்ப்பும் வந்தது, அது வெற்று எதிர்ப்பும் அல்ல. மூத்த பதிப்பாசிரியர் ஒருவர், நீக்கும் அதிகாரம் சபாநாயகருக்கு உரியதென்றும், வெஸ்ட்மின்ஸ்டரில் உறுப்பினர் மீளப்பெற்றுக்கொண்ட சொல்லும் அச்சில் நிற்கும் என்றும், பேசியவரே கேட்டாலும் பேசப்பட்டதை எடுக்கலாகாது என்ற கொள்கையின்மேல்தான் தாம் இத்தனை காலம் உறுப்பினர்களோடு மல்லுக்கட்டியதாகவும் சொன்னார். அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. பேசியதைப் பேசவில்லை என்று ஆக்கித் தருமாறு, திருத்தப்படாத பிரதியில் சிவப்பு மையால் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிய உறுப்பினர்களை எங்களுள் யார்தான் சந்திக்கவில்லை? ஆயினும் வாக்கெடுப்பில் எதிராக எழுந்தவை இரண்டோ மூன்றோ கைகள்தாம்.

சிறப்புரிமை இல்லாத பேச்சு

அந்த மூத்தவரின் வாதத்துக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பதில் வரவில்லை, பிறகு வந்தது. பாராளுமன்றத்தில் பேசப்படுவதை முழுமையாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஏனெனில் அங்கே பேசுகிறவர் பாதுகாக்கப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தின் 1689-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் ஒன்பதாம் உறுப்புரை முதல் எங்கள் நாட்டின் 1953-ஆம் ஆண்டுப் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டம் வரை, சபையில் சொன்னதற்காக ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாகாது என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அச்சுக்கு நீண்டதும் சும்மா நடந்துவிடவில்லை. மக்களவையின் கட்டளைப்படி சிறைச்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கையை அச்சிட்ட ஹன்சாட் குடும்பத்தாரின் அச்சகத்தின்மீது ஸ்டொக்டேல் என்ற நூல் வெளியீட்டாளர் அவதூறு வழக்குத் தொடுத்தார். சபையின் கட்டளை என்பது அச்சகத்தாருக்குக் கேடயமாகாது என்று 1839-இல் நீதிமன்றம் தீர்த்தது. நட்டஈட்டை அறவிட முனைந்த ஷெரிப்புகளைச் சபை சிறையிலிட்ட கூத்தும் நடந்து, 1840-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பேசுகிறவருக்குச் சிறப்புரிமை, அச்சிடுகிறவருக்குச் சட்டம்: இந்த இரண்டின்மேல்தான் முழு அறிக்கை என்ற கட்டடம் நிற்கிறது.

எங்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்த பெண்மணிக்கு இரண்டில் ஒன்றும் இல்லை. அவர் தம் எசமானரின் பணத்தில் வந்து, எசமானரின் கதிரையில் அமர்ந்து, எசமானர் செய்ததைச் சொன்னார். அவருக்குப் பின்னால் சங்கமும் இல்லை, ஏனென்றால் சங்கத்தின் உறுப்பினர் அவர் அல்லர், அவரை ஒற்றையாளாக்கிய அந்த அலுவலகம். அவருடைய சட்டசபைக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று ஒருவர் இடைவேளையில் சொன்னபோது, ஓர் உறுப்பினரின் உள்விவகாரத்தில் சங்கம் தலையிட யாப்பில் இடமில்லை என்று செயலாளர் சரியாகவே சுட்டிக்காட்டினார். ஆகவே பந்தியை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பாதுகாப்பில்லாதவரின் சொல்லை முழுமையாகப் பதிவதை நேர்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. இந்திய மக்களவையின் விதி 380-இன்கீழ் சபாநாயகர் சொற்களை நீக்கக் கட்டளையிடலாம், அப்படி நீக்கினால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறியிட்டு, தலைமையின் கட்டளைப்படி நீக்கப்பட்டதென்று அடிக்குறிப்பு இடவேண்டும் என்று 381 சொல்கிறது. எங்கள் ஹன்சாட்டிலும் அக்கிராசனத்தின் கட்டளைப்படி அகற்றப்பட்டதாக அதே இடத்தில் ஒரு வரி அச்சாகும். வாசிப்பவருக்கு என்ன நீக்கப்பட்டதென்று தெரியாது, நீக்கப்பட்டது என்பது தெரியும். சில வாரங்களின் பின் எங்கள் சங்கத்தின் இறுதிக் கூட்டறிக்கை மின்னஞ்சலில் வந்தபோது, ஏழாம் விடயம் என்பதே அதில் இல்லை. எட்டாம் விடயம் ஏழாக முன்னே நகர்ந்து, மீதியெல்லாம் ஒழுங்காக எண்ணிடப்பட்டிருந்தன. நீக்குவதற்காக எடுத்த வாக்கெடுப்பும் இல்லை, எதிர்த்த மூத்தவரின் பெயரும் இல்லை. அதைத் திணைக்களத்தில் என்னோடிருந்த இளையவர் ஒருவரிடம் காட்டினேன். “அண்ணை, எங்கட ஹன்சாட்டில வெட்டினா வெட்டினதெண்டாவது போடுறம். நீங்கள் அதையும் போடேல்லையே?” என்று கேட்டுவிட்டுத் தன் ஒலிப்பதிவுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் யாப்புத் திருத்த வரைவை எழுதத் தொடங்கினேன். முதலாவது, அலுவலக உறுப்புரிமையோடு தனிநபர் உறுப்புரிமையும் வேண்டும். அதற்குச் சிறு சந்தா போதும், கூட்டறிக்கை அவருடைய சொந்த முகவரிக்குப் போகட்டும். வெளி நிறுவனங்களுக்காக வரைவைத் திருத்துகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டுமென்று எழுதினேன். அவர்களைச் சேர்த்தால் தனியார்மயத்தை ஆசீர்வதித்ததாகும் என்று செயற்குழுவில் கடும் எதிர்ப்பு வந்தது. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு சட்டசபையின் அறிக்கையை இன்று உண்மையில் எழுதுபவர் எவரோ அவரைச் சேர்க்காத அறிக்கையாளர் சங்கம், இன்னும் பத்தாண்டில் கணக்கில் மட்டும் அறிக்கையாளர் சங்கமாக இருக்கும். சுருக்கெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இன்டர்ஸ்டெனோ எப்போதோ பழங்கதையாகியிருக்கும். தட்டெழுத்தாளர், நீதிமன்ற அறிக்கையாளர், விசைப்பலகையில் வேகப்போட்டிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் என்று வாசலை அகலத் திறந்து வைத்ததால்தான் 2019-இல் காலியாரியிலும், பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் மாஸ்திரிக்டிலும் அது கூட முடிந்தது. அந்த அகலத்தில் பாராளுமன்றக்காரர்களின் குரல் சற்று அமுங்கிப்போவது உண்மைதான், ஆனால் கூட்டமே இல்லாமற்போவதைவிட அது மேல்.

உறுப்பினர் அறிக்கைகள் வழங்கப்படும் அமர்வைக் கூட்டறிக்கைக்கு வெளியே வைத்து, 1927 முதல் வழங்கிவரும் சத்தம் ஹவுஸ் (Chatham House) விதிப்படி, கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவரை வெளிப்படுத்தலாகாது என்று நடத்தலாம் என்பது வரைவின் இன்னொரு பிரிவு. பேச்சையும் பேசியவரையும் பிரிப்பது ஓர் அறிக்கையாளனுக்கு உவப்பான வேலையல்ல. இந்தப் பிரிவை எழுதும்போது எனக்கே கை வரவில்லை. ஆனால் சிறப்புரிமை வழங்க எங்களிடம் பாராளுமன்றம் இல்லை. கூட்டறிக்கையிலிருந்து எது நீக்கப்பட்டாலும் நீக்கப்பட்டது என்ற குறிப்பும், வாக்கெடுப்பின் முடிவும், விடயத்தின் எண்ணும் அப்படியே நிற்க வேண்டும் என்ற பிரிவுக்கு மட்டும் எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

மற்றவற்றுக்கு மறுப்பு இருந்தது, சிலவற்றில் நியாயமும் இருந்தது. தனிநபர் உறுப்புரிமை வந்தால் ஓய்வுபெற்றவர்களே நிறைந்துவிடுவார்கள், நேரமும் அபிப்பிராயமும் அவர்களிடம்தான் மிகுதி என்றார் ஒருவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆகவே தனிநபர் உறுப்பினர் தவிசாளராகவோ பொருளாளராகவோ ஆகலாகாது என்று ஒரு வரி சேர்த்தேன். சிறிய சட்டசபைகளின் பயணத்துக்கென்று சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கும் பிரிவு, எவ்வளவு என்ற இடத்தில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. பெரிய அலுவலகங்கள் தொகையைச் சொல்ல விரும்பவில்லை, சிறிய அலுவலகங்கள் கேட்க விரும்பவில்லை.

நான் ஓய்வுபெற்றதும் கதிரையை இழந்துவிட்டதால் வரைவை நானே முன்மொழிய முடியாது. யாப்புப்படி, மாநாட்டுக்கு முன்னதாகப் பதவியிலிருக்கும் இரண்டு உறுப்பு அலுவலகங்கள் கையெழுத்திட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஓர் அலுவலகம் கையெழுத்திட்டுவிட்டது. மற்ற அலுவலகத்தின் பதிப்பாசிரியர், வரைவு முழுவதையும் வாசித்ததாகவும், தமக்குப் பூரண சம்மதம் என்றும், தம்முடைய பேரவைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவதாகவும் எழுதியிருக்கிறார்.